இருநூற்றுப் பதினோராவது கையெழுத்து

2012 மார்ச் 5. அடித்தளம். 160 லட்சம்.
2012 ஜூலை 19. மூன்றாம் தளம் வரை. 160 லட்சம்.
2012 டிசம்பர் 3. எட்டாம் தளக் கூரை. 200 லட்சம்.
2013 மே 14. சுவர், குழாய், மின்கம்பி. 160 லட்சம்.
2013 செப்டம்பர் 12. மொட்டைமாடி நீர்ச் சோதனை. 120 லட்சம்.
2013 செப்டம்பர் 16. மேற்படி 120 லட்சம் நிறுத்தம்.

இந்த ஆறு வரிகளையும் எழுதியவர் ஒருவரே. முதல் ஐந்தைப் போன்ற வரிகளை அவர் தம் வாழ்நாளில் அதுவரை இருநூற்றுப் பதினொன்று எழுதியிருந்தார். ஆறாவதைப் போல எழுதியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்க்கும் அந்தக் கண்ணாடிக் குழல் போலத்தான் அவரும். நடுவில் நிற்பார், எந்தப் பக்கமும் சாயமாட்டார், பேச்சும் குறைவு. ஒல்லியான உருவம். ஐம்பத்து நான்கு வயது. தோளில் ஒரு துணிப்பை, அதில் அளவுநாடா, ஒரு டார்ச் விளக்கு, கட்டம் போட்ட நோட்டு, சொந்தத் தண்ணீர் பாட்டில். வேலை நடக்கும் இடத்தில் டீ வந்தால் குடிப்பார், கையோடு காசையும் வைத்துவிடுவார். ஒரு முறை ஒரு முதலாளி புதுப் பேனா ஒன்றை அனுப்பினார். அதை 'வந்த பொருள்' என்று நோட்டில் ஏற்றி, ரசீது எழுதித் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து மேஸ்திரி ஒருவர், ரசமட்டத்துக்கு வணக்கம் சொன்னால்கூடப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத் திரும்ப ஒரு வணக்கம் அனுப்பிவைக்கும் என்று சொல்லித் திரிந்தார்.

அவருடைய வேலை என்னவென்று பலருக்கும் புரிவதில்லை. அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர்கள், கட்டடம் எழும்புவதற்கு முன்பே பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம், கட்டடம் கட்டுகிற முதலாளியின் கைக்கு நேராகப் போவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் பூட்டிக் கிடக்கும். இவ்வளவு வேலை முடிந்தது, சரியாக முடிந்தது என்று மூன்றாம் ஆள் ஒருவர் நேரில் பார்த்துச் சான்று கொடுத்தால், அந்த அளவுக்கு மட்டும் பூட்டுத் திறக்கும். அந்த மூன்றாம் ஆளை வங்கியும் வாங்குகிறவர்களும் சேர்ந்து நியமிப்பார்கள். முதலாளியால் அவரை வைக்கவும் முடியாது, விலக்கவும் முடியாது. ரசமட்டம் அந்த மூன்றாம் ஆள்.

இந்த வேலைக்கு அவர் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முதல் ஒன்பது வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டும் தட்டச்சு செய்துகொண்டும் இருந்தார். அங்கே முதலாளி தன் வேலைக்குத் தானே சான்று எழுதித் தானே பணம் எடுத்துக்கொண்டார். நான்காவது மாடியோடு கட்டடம் நின்றது. அந்தச் சான்றுகளைத் தட்டச்சு செய்தவர் இவர். பணம் கட்டி ஏமாந்தவர்கள் அலுவலக வாசலில் வந்து நின்றபோது, அந்தக் காகிதங்களின் மூலையில் தட்டச்சு செய்தவருக்கான இரண்டெழுத்துக் குறியாகத் தம் பெயர் இருந்ததை அவர் பார்த்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டார். அப்போது வயது முப்பத்திரண்டு.

வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி. அலமாரியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் போட்ட ஒரு காகிதக் கட்டு, அதில் ஒவ்வொரு முறை போய் வந்ததற்கும் ஒரு பக்கம். நாள், மணி, வெயிலா மழையா, யார் யார் இருந்தார்கள், பார்த்தவை. கடைசியில் அவரே ஏற்படுத்திக்கொண்ட ஒரு கட்டம்: பார்க்காதவை. பூட்டியிருந்த அறை, மூடிவிட்ட குழி, தாம் வருவதற்குள் பூசி முடித்த சுவர், எல்லாம் அதில் வரும். பார்த்ததைவிடப் பார்க்காததை எழுதத்தான் நெஞ்சில் உரம் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

உள்ளறை கணவருடையது. அவர் பல்மருத்துவர்களுக்குப் பல் செட்டுச் செய்து கொடுப்பவர். நாள் முழுக்க மெழுகும் மாவும் அரமுமாக உட்கார்ந்திருப்பார். வாய் மட்டும் ஓயாது. நான் பல்லுக் கட்டுகிறேன், இவள் வீடு கட்டுகிறவனைக் கட்டுகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த எட்டு மாடிக் கட்டடம் அவருடைய இருபத்தாறாவது வேலை. அதை ஒப்புக்கொண்டபோதே வீட்டில் ஒரு சண்டை வந்தது. அவருடைய அண்ணன் அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். தங்கை பார்க்கிற கட்டடம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார். நீங்கள் வாங்கினால் நான் விலகிக்கொள்கிறேன், நான் இருந்தால் நீங்கள் வாங்கக்கூடாது என்று தங்கை சொல்லிவிட்டார். அண்ணன் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பேச்சையும் நிறுத்திக்கொண்டார். அது இரண்டு வருடம் நீடித்தது.

இனி, கடைசிச் சோதனை.

மொட்டைமாடி ஒழுகுமா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. மழைநீர் இறங்கும் குழாய் வாய்களை எல்லாம் சாக்கும் சிமெண்டும் வைத்து அடைப்பார்கள். மாடி முழுக்க ஐம்பது மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவார்கள். சுற்றுச்சுவரில் கோடு போடுவார்கள். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கோட்டிலேயே நின்றால் மாடி நல்ல மாடி. வெயில் குடித்தது போக இறங்கியிருந்தால் எங்கோ வழி இருக்கிறது என்று பொருள்.

செப்டம்பர் 9, திங்கள் காலை அவர் தம் கையால் கோடு போட்டார். அன்றே வேறோர் ஊரில் இருந்த மற்றொரு வேலையைப் பார்க்க ரயிலேறினார். வியாழன் காலை ரயில் நிலையத்திலிருந்து நேராக மொட்டைமாடிக்கு வந்தார். நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அளந்தார். நாற்பத்தொன்பது. வெயிலுக்கு ஒன்று போயிருக்கிறது என்று எழுதினார். பார்க்காதவை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டார். இருநூற்றுப் பதினோராவது சான்றில் கையெழுத்திட்டார். சான்று கிடைத்த ஐந்தாம் வேலைநாளில் வங்கி பணத்தை விடுவிக்கும். அது அடுத்த வியாழன், 19ஆம் தேதி. வாங்கியவர்கள் அக்டோபர் முதல் தேதி குடிபுகுவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பல் அச்சு மாவு வருகிற டப்பா. கழுவிக் காயட்டும் என்று சுவர்மேல் வைத்து மறந்துபோயிருந்தார்.

"காய வச்சேன். கிணறாயிடுச்சு. பாரு, ரெண்டு விரல் தண்ணி."

"எப்ப வச்சீங்க?"

"நீ ஊருக்குப் போன அன்னைக்குச் சாயங்காலம். செவ்வாயும் புதனும் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து டப்பாவுக்குள் விட்டார். முப்பத்து நான்கு. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் முப்பத்து நான்கு.

கணவருக்கு விளங்கவில்லை. மழை பெய்தால் என்ன, மாடியில் தண்ணீர் அப்படியே நின்றதாகத்தானே எழுதியிருக்கிறாய் என்றார்.

"அதாங்க தப்பு. மழை பேஞ்சா ஏறியிருக்கணும். கோட்டுலேயே நின்னுச்சுன்னா, மேல வந்தது அத்தனையும் கீழ போயிருக்கு."

முன்னறைக்குப் போய் நோட்டைத் திறந்தார். திங்கள்: வெயில். வியாழன்: வெயில். நடுவில் இரண்டு நாள் வெற்றிடம். அதற்குக் கீழே தம் கையெழுத்தில் 'பார்க்காதவை: இல்லை'. ஊரிலேயே இல்லாத இரண்டு நாளைப் பார்க்காதவையில் சேர்க்கத் தோன்றவில்லை. தட்டச்சுக்காரியாக இருந்த காலத்துக்குப் பிறகு தம் பெயரோடு ஒரு பொய் காகிதத்தில் ஏறியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தெரிந்து சொன்னாலென்ன, தெரியாமல் சொன்னாலென்ன.

கட்டடத்துக்குப் பின்தெருவில் குடிநீர் ஏற்று நிலையம் ஒன்று உண்டு. அங்கே மழை அளக்கும் குழல் இருந்தது. ஞாயிறு என்றும் பாராமல் பேருந்து பிடித்துப் போய், பம்பு ஓட்டுநரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். செவ்வாய் பதினேழு, புதன் இருபத்து நான்கு. கூட்டினால் நாற்பத்தொன்று. ஐம்பதோடு நாற்பத்தொன்று சேர்ந்தால் தொண்ணூற்றொன்று. அவர் அளந்தது நாற்பத்தொன்பது. மூன்று நாளில் காய்ந்ததற்குத் தாராளமாக ஆறு தள்ளினாலும், முப்பத்தாறு மில்லிமீட்டர் தண்ணீரைக் காணோம். அறுநூறு சதுர மீட்டர் மாடி. இருபத்தோராயிரத்து அறுநூறு லிட்டர்.

அங்கிருந்தே சைட் இன்ஜினியரைத் தொலைபேசியில் பிடித்தார். அவன் சூதுவாது தெரியாத இளைஞன். மழை பெய்தது தெரியும் மேடம், மட்டம் சரியாக இருந்ததால் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. அவருக்கே தோன்றாதது அவனுக்கு எப்படித் தோன்றும்?

திங்கள் காலை முதலாளி வீடு தேடி வந்தார். கொழுத்த ஆள், குரலும் அப்படியே. ஆனால் அன்று தணிந்தே பேசினார். குழாய் வாயில் வைத்த சாக்கு ஒன்று நெகிழ்ந்திருக்கும், தண்ணீர் குழாய் வழியாக இறங்கியிருக்கும், மாடிக்கு ஒன்றும் ஆகியிராது என்றார்.

"இருக்கலாம்" என்றார் ரசமட்டம். "எனக்குத் தெரியாது. தெரியாததுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அதுதான் பிரச்சினை."

"வியாழக்கிழமை வரைக்கும் பேசாம இருங்கம்மா. பணம் வரட்டும், ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும். அப்புறம் ஒழுகுனா என் செலவுல நானே சரி பண்ணித் தரேன். என் வார்த்தைய நம்ப மாட்டீங்களா?"

"நான் நம்புறேன். ஆனா அந்த அறுபத்து நாலு பேர் என்னை வச்சதே யார் வார்த்தையையும் நம்ப வேண்டாம்னுதான். என் வார்த்தையும் சேர்த்து."

முதலாளி போன பிறகு கணவர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வங்கியின் சான்றாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களே என்று கேட்டார். எடுப்பார்கள் என்றார் மனைவி. சான்றைத் திரும்பப் பெறுகிறவரின் பெயரை, விசாரணை முடியும் வரை பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்பது விதி. பட்டியலில் இல்லாவிட்டால் வேலை இல்லை.

கணவர் கையிலிருந்த பல் செட்டைத் துடைத்தார். "என் பல்லு சரியா உக்காரலேன்னா மறுநாளே கொண்டாந்து மேசையில வச்சிட்டுத் திட்டுவாங்க. உன் வேலையில வருஷம் ஆனாத்தான் தெரியும். அதுக்குள்ள யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார். பிறகு அவரே, "போ, போய்க் குடுத்துட்டு வா. வர்றப்ப மாவு ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்று உள்ளே போய்விட்டார்.

வங்கியில் வேறு வேடிக்கை. சான்றைத் திரும்பப் பெறுவதற்கென்று ஒன்பதாம் எண் படிவம் ஒன்று உண்டு. குமாஸ்தா அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் அகப்படவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து வரவழைத்து அச்செடுத்துக் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தது. 'சான்றளித்தவரின் பிழை' என்று ரசமட்டம் எழுதினார். பணம் நின்றது.

செவ்வாய்க்கிழமை வாங்கியவர்களின் கூட்டம், கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துகிற இடத்தில். பலர் இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள். அதிகம் கொதித்தவர் ஓய்வுபெற்ற பேருந்துக் கண்டக்டர். அக்டோபர் முதல் தேதி வீடு இல்லையென்றால் மனைவியோடு சம்பந்தி வீட்டில் போய் உட்காரவேண்டிய நிலைமை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு வேளைக்கு மேல் உட்காராத மனிதர்.

"முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழிச்சேன்மா. கிழிச்ச டிக்கெட்டைத் திரும்ப ஒட்டணும்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"உங்க வீடு எத்தனாவது மாடிங்க?"

"எட்டு. எதுக்கு?"

"மொட்டைமாடிக்கு நேர் கீழயா?"

"ஆமா."

"அப்ப ஒட்டித்தான் ஆகணும்."

சிரிப்பு நின்றது. ரசமட்டம் தாம் செய்த பிழை என்ன என்பதை, எழுதிக் கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்து ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் படித்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருமுறை சொன்னார். உட்கார்ந்தார்.

மறுநாள் மறுசோதனை. மேகம் திரண்டிருந்தது. மழை வந்தால் மறுபடி கெட்டுவிடும் என்று இன்ஜினியர் பயந்தான். ரசமட்டம் பையிலிருந்து பல் மாவு டப்பாவை எடுத்தார். மாடித் தண்ணீருக்கு நடுவே ஒரு செங்கல்மேல் வைத்தார். அதற்குள்ளும் ஐம்பது மில்லிமீட்டர் தண்ணீர் ஊற்றினார். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். டப்பா ஒழுகாது. டப்பாவில் நிற்பதைவிட மாடியில் குறைந்தால் அந்தக் குறைவு மாடியுடையது. இவ்வளவுதான் சங்கதி. இத்தனை வருடமாக இது ஏன் தோன்றவில்லை என்று அவர் தம்மையே கடிந்துகொண்டார். குழாய் வாய்களைத் தாமே பக்கத்தில் நின்று அடைக்க வைத்தார். மூன்று நாளும் காலையும் மாலையும் மேலேறி வந்தார்.

சனிக்கிழமை டப்பாவில் நாற்பத்தாறு. மாடியில் முப்பத்தொன்பது.

முதலாளி சொன்னதிலும் உண்மை இருந்தது. முதல் தடவை போன தண்ணீரில் பெரும்பகுதி நெகிழ்ந்த சாக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் இந்த ஏழு மில்லிமீட்டர் அப்படிப் போகவில்லை. தேடினார்கள். லிப்ட் அறைச் சுவர் மாடியைத் தொடுகிற இடத்தில், தலைமுடி அகலத்தில், மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். மேல் பூச்சுக்கு அடியில் தண்ணீர் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. கூரையில் ஈரம் தெரிய எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகியிருக்கும். தெரிகிறபோது கம்பி துருப்பிடித்திருக்கும். அதற்கு நேர் கீழே மூன்று வீடுகள். அதில் ஒன்று கண்டக்டருடையது.

உடைத்துப் பூச ஐந்து வாரம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஆனால் ஒழுங்காகச் செய்தார். எல்லாம் ஒரு பல்லு டப்பாவால் வந்தது என்று மேஸ்திரியிடம் அலுத்துக்கொண்டாராம். அக்டோபர் 29 அன்று டப்பாவும் மாடியும் ஒரே அளவு காட்டின. இருநூற்றுப் பன்னிரண்டாவது சான்று. பார்க்காதவை என்ற இடத்தில், தாம் மாடியில் இல்லாத மணிகளை வரிசையாக எழுதினார். நவம்பர் முதல் தேதி எல்லோரும் குடிபுகுந்தார்கள். கண்டக்டர் சம்பந்தி வீட்டில் முப்பத்திரண்டு நாள் இருந்துவிட்டு, ஒரு சுற்று மெலிந்து வந்து சேர்ந்தார்.

வங்கிக் கடிதம் 2014 ஜனவரியில் வந்தது. மறு உத்தரவு வரை பெயர் நீக்கப்படுகிறது. அதற்குப் பிறகு மறு உத்தரவும் இல்லை, விசாரணையும் இல்லை. தனிவீடு கட்டுகிறவர்களுக்கு மதிப்பீடு சரிபார்த்துக் கொடுத்தார். வருமானம் மூன்றில் ஒரு பங்கானது. கணவர் வேலையைக் கூட்டிக்கொண்டார். ஒரு நல்லதும் நடந்தது. அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "இப்பத்தான் உனக்கு வேலை இல்லையே, இனிமே நான் எங்க வேணா வீடு வாங்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். தங்கையும் சிரித்தார். அதோடு பழைய கணக்கு தீர்ந்தது. ஆனால் முன்னறை அலமாரியில் இருபத்தேழாம் எண் போட்ட வெற்றுக் கட்டு ஒன்று அப்படியே இருந்தது. துடைக்கும்போதெல்லாம் அதையும் எடுத்துத் துடைத்து வைப்பார். இனி அது நிரம்புமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அதே முதலாளி பக்கத்து நிலத்தில் நாற்பத்தெட்டு வீடுகளுக்கு இன்னொரு கட்டடம் தொடங்கினார். கண்டக்டரின் மகன் அதில் ஒரு வீட்டுக்குப் பதிவு செய்திருந்தான். 2014 அக்டோபரில் அதற்கான சான்றாளர் நியமனக் கூட்டம். வங்கி தன் பட்டியலிலிருந்து மூன்று பெயர்களைக் கொண்டுவந்து வைத்தது. அங்கே நடந்ததை மறுநாள் சைட் இன்ஜினியர்தான் ரசமட்டத்திடம் வந்து சொன்னான்.

மகனுக்காக வந்திருந்த கண்டக்டர் எழுந்து, நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் கட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்திருக்கிறார். குடிபுகுந்ததிலிருந்து அறுபத்து மூன்று நாள் மழை. ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்து, அன்றைய தாளின் பின்னால் 'உலர்' என்று எழுதியிருக்கிறார். அறுபத்து மூன்றையும் விடாமல் படித்திருக்கிறார். வங்கி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபோதும் நிறுத்தவில்லையாம். படித்து முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"தப்பே பண்ணாதவங்கன்னு மூணு பேரைக் கொண்டாந்திருக்கீங்க சார். பண்ணின தப்பைத் தானே வந்து சொன்னவங்க ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்க எங்க?"

அவர் பட்டியலில் இல்லை என்றிருக்கிறார் அதிகாரி. அப்படியானால் பட்டியலைத்தான் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் உட்கார்ந்தாராம். வாங்குகிறவர்கள் ஒப்பமிடாமல் யாரையும் நியமிக்க முடியாது. நாற்பத்தெட்டுப் பேரும் ஒப்பமிடவில்லை. முதலாளியிடம் கருத்துக் கேட்டார்கள். தமக்கு இதில் வாய் கிடையாது என்று விதியைச் சொல்லிவிட்டாராம். விதி அப்படி இருந்தாலும், வெளியே நாலு பேரிடம் சொல்லி இவர் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்திருக்கலாம். அதற்கும் அவர் முயலவில்லை.

ரசமட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அறுபத்து மூணு நாளும் தொட்டுப் பாத்தாரா?" என்று அதை மட்டும் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றான். எழுந்து போய் அவனுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தார். அவன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் காசுக்குக் கைவிட்டபோது, இது வீடு என்றார்.

நான்கு மாதம் வங்கியும் வாங்குகிறவர்களும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடைசிக் கடிதம் ரசமட்டத்துக்கு வந்தது. கணவர் மாவுக் கையோடு வாங்கி, உறையில் ஐந்து விரலும் பதிய முன்னறைக்குக் கொண்டுவந்தார். பெயர் மறுபடி பட்டியலில் சேர்க்கப்பட்டது, புதுக் கட்டடத்துக்கு நியமனம் என்று இரண்டு வரி. இனி எல்லாச் சான்றாளர்களும் பயன்படுத்த வேண்டும் என்று புதிய சான்றுப் படிவம் ஒன்றை இணைத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, பார்க்காதவை.

அவர் அலமாரியைத் திறந்து இருபத்தேழாம் கட்டை எடுத்தார். கடிதத்தை முதல் தாளாகக் கோத்தார். மூலையில் வந்த நாளை எழுதினார்: 2015 பிப்ரவரி 12, வியாழக்கிழமை.